சேதுத் தீவும் அதனைக் கடந்தோரும்

தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊழியம் புரிந்துவரும் நமக்கு, மக்கள் ஓர் ஊரின் பெயரை எவ்விதம் உச்சரிக்கின்றனர் என்பதைக் கொண்டே அவ்வூரைப்பற்றி அவர்கள் நெஞ்சில் உள்ள எண்ணத்தை ஒருவாறு ஊகித்தறியும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. பழநிக்குச் சீட்டுக் கேட்போர் குரலில் நேர்த்திக்கடன் இருக்கும். சென்னைக்குக் கேட்போர் குரலில் அவசரம் இருக்கும். இராமேசுவரத்திற்குக் கேட்போரோ அண்மைக் காலமாக, "இரண்டு நாளில் எல்லாம் பார்த்துவிடலாம் அல்லவா?" என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். எல்லாம் என்றால் எவை என்று வினவினால், பாலம், கோயில், தனுஷ்கோடி என மூன்று விரல்களை மடக்குவர்.

சங்க ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என நம் செயலாளர் பணித்தபொழுது, இம்மூன்று விரல்களும் நம் நினைவுக்கு வந்தன. சென்ற 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நம் காலனியிலிருந்து நான்கு குடும்பத்தார் சேர்ந்து அத்தீவுக்குச் சென்று வந்தோம். நாங்கள் கண்டவற்றையும், அவற்றின் பின்னே கிடக்கும் வரலாற்றையும் நம்மால் இயன்றவரை ஈண்டு எழுதுகிறோம். நாம் புலவர் அல்லோம். மெட்ரிக்குலேஷன் தேறிப் புகைவண்டி இலாகாவில் சேர்ந்தவர். பிழை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

திருவனந்தபுரத்துத் தமிழருக்குச் சேது யாத்திரை புதிதன்று. திருவிதாங்கூரை ஆண்ட தர்மராஜா எனப்பெறும் கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மகாராஜா 1784-ஆம் ஆண்டில் இராமேசுவரம் சென்று வந்தார் என்பது திருவிதாங்கூர் வரலாற்றில் குறிக்கப்பட்ட செய்தி. மகாராஜா பல்லக்கிலும் பரிவாரத்துடனும் சென்றிருப்பார். மற்றையோர் ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்து, திருநெல்வேலிச் சீமை வழியே மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, சத்திரம் சத்திரமாகத் தங்கிக் கடற்கரையை அடைந்து, பின் தோணியேறினர். கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை 1904-இல் திறக்கப்பட்டபின் மலையைக் குடைந்த வழியே புகைவண்டியில் செல்ல இயன்றது. நம் தம்பானூர் நிலையமோ 1931-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொல்லத்திலிருந்து வந்த பாதை சாக்கையோடு நின்றிருந்தது. நாகர்கோவில் வழி 1979-க்குப் பின்னரே கிடைத்தது. ஆதலின், நம் பாட்டனார் காலத்தில் இங்கிருந்து சேதுவுக்குப் புறப்பட்டோர் முதலில் வடக்கு நோக்கிக் கொல்லம் சென்று, கிழக்கே திரும்பிச் செங்கோட்டை, தென்காசி கடந்து, விருதுநகர் வழியாக மதுரையை அடைந்தனர். சுற்று வழிதான், எனினும் அவ்வழியில் சென்றோர் அதனைக் குறையாகக் கூறி நாம் கேட்டதில்லை.

எங்கள் கூட்டத்தில் பெரியவர் ஒருவரும் இருந்தார். சாலைக் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர்; அறுபதை எட்டிக்கொண்டிருப்பவர். காலனியில் எல்லோருக்கும் அவர் மாமாதான். எந்தச் சுற்றுலாவுக்கும் வராதவர், இராமேசுவரம் என்றதும் தாமே வந்து பெயர் கொடுத்தார். பிள்ளைப் பேறு வேண்டி மகளுக்காகத் தீர்த்தமாட வருகிறார் என்று எண்ணினோம். அவர் மறுக்கவில்லை.

மதுரையில் வண்டி மாறினோம். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் கடந்ததும் பனையும் உடைமரமும் மணலுமாக நிலம் வெளிறத் தொடங்கிற்று. உச்சிப்புளிக்கு அப்பால் வண்டி ஒரு சிறு நிலையத்தில் நின்றது. "மண்டபம் கேம்ப்" என்று மஞ்சட் பலகையில் எழுதியிருந்தது. பெரியவர் சாளரக் கம்பியைப் பற்றிக்கொண்டு அப்பலகையையே நோக்கினார். வண்டி நகர்ந்த பின்னரும் கழுத்தைத் திருப்பி நோக்கினார். நாம் ஒன்றும் கேட்கவில்லை. ஏனெனில் பிள்ளைகள் அனைவரும் "பாலம், பாலம்" என்று கூச்சலிடத் தொடங்கிவிட்டனர்.

பாம்பன் கால்வாயைப் பற்றிச் சில சொல்லவேண்டும். இத்தீவு ஒருகாலத்தில் நிலத்தோடு ஒட்டியிருந்தது என்றும், 1480-இல் வீசிய பெரும்புயலில் இடையே உடைப்பெடுத்தது என்றும் கோயில் வழிச் செய்தி கூறும். கப்பல் செல்லும் பொருட்டு இக்கால்வாயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆழப்படுத்தினர். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் இருப்புப்பாதை வந்தது. அதற்கப்பால் கடல். 1911-இல் வேலை தொடங்கி, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் கடற்பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட தூண்கள். இந்தியாவில் கடல்மீது கட்டப்பெற்ற முதற் பாலம் இதுவே. நடுவே கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்கு. கதவின் இரு பலகைகள் போன்று இரண்டு இரும்புப் பகுதிகள் எதிரெதிரே படுத்திருக்கும். கப்பல் வரும்பொழுது தொழிலாளர் சுற்றி நின்று கைப்பிடிகளைத் தள்ளித் தள்ளிச் சுழற்ற, இரண்டும் மெல்ல அண்ணாந்து எழும். மின்சாரம் இல்லை, மனிதத் தோள்தான். அவ்விதம் நூறாண்டுக்கு மேல் அது திறந்து மூடிற்று.

உப்புக் காற்று இரும்பைத் தின்பதில் பாம்பனை மிஞ்சும் இடங்கள் உலகில் மிகச் சிலவே என்பர். இப்பாலத்தில் வண்ணம் பூசும் வேலை என்றும் முடிந்ததில்லை. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகி வண்டியை நிறுத்தும் ஏற்பாடும் இருந்தது. 2007-இல் அகலப்பாதை ஆயிற்று. 2022 டிசம்பரில் பழைய பாலத்தின்மீது வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இரண்டாண்டுக்கு மேல் மண்டபமே கடைசி நிலையம். அக்காலத்தில் நம் சாளரத்திற்கு வந்தோர் எத்தனை பேர், "தீவுக்குள் வண்டி போகாதா?" என்று கேட்டு முகம் வாடிச் சென்றனர் என்பதை நாம் அறிவோம்.

2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும், கிணற்று வாளி மேலெழுவதுபோல, மட்டம் குலையாமல் 17 மீட்டர் உயரம் நேரே எழும்புகிறது. மின்விசையால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். எங்கள் வண்டி அதன்மீது சென்றபொழுது, பக்கத்தில் பழைய பாலம் துருப்பிடித்துக் கிடந்தது. புதியதில் செல்வது மகிழ்ச்சியே. ஆயினும் நம் கண் பழையதன்மீதே நின்றது. இலாகா ஊழியனுக்குச் சம்பளம் தந்த பழைய எசமானைத் தெருவில் கண்டாற் போன்ற உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். மறுபுறம் 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் பேருந்துகள் நின்று, மக்கள் எங்கள் வண்டியைப் படம் பிடித்தனர்.

பாம்பனில் இறங்கிக் குந்துகால் என்னும் கரைக்குச் சென்றோம். சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ஆம் நாள் இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் கால் வைத்தார். அவரை வரவேற்றவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி; அவர் அமெரிக்கா செல்லத் தூண்டுகோலாய் இருந்தவர்களுள் ஒருவர். மன்னரே வண்டியை இழுத்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. மறுநாள் இராமேசுவரம் கோயிலில் சுவாமிகள் பேசியபோது, ஏழையிடத்தும் நோயுற்றோரிடத்தும் சிவனைக் காண்பவனே மெய்யாக வழிபடுகிறவன் என்னும் கருத்தை வலியுறுத்தினார். நினைவில்லம் நன்கு பேணப்படுகிறது. அங்கே நாங்கள் கால்மணி நேரமே இருந்தோம்.

இனிக் கோயில். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றக் குளித்து, நடுக்கத்துடன் ஈரத் துணியோடு ஓடியதைப் பெண்மக்கள் இன்னும் பேசிச் சிரிக்கின்றனர். அதனை விரிக்க வேண்டியதில்லை. திருச்சுற்று மண்டபத்தைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம். நம் பத்மநாபசுவாமி கோயிலின் சீவேலிப்புரையை நாள்தோறும் காண்பவர்கள் நாம். முந்நூற்று அறுபத்தைந்தே கால் தூண்கள் என்று நம் பிள்ளைகள் கணக்குச் சொல்வர். இராமேசுவரத்து மூன்றாம் திருச்சுற்றில் 1,212 தூண்கள் என்பர். கிழக்கு வாயிலில் நின்று நோக்கினால் தூண்வரிசை சிறுத்துச் சிறுத்து, மறுகோடியில் நிற்கும் ஆள் எறும்புபோல் தோன்றுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் இது நிறைவு பெற்றது. தூண்களின்மீது அண்மைக் காலத்தில் பளிச்சென்ற வண்ணங்கள் தீட்டியுள்ளனர். கல்லைக் கல்லாகவே விட்டிருக்கலாம் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

அத்திருச்சுற்றில் நின்றபொழுது நம் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இந்தத் தீவில் மணலும் பவளப் பாறையும்தானே இருக்கின்றன? இவ்வளவு கருங்கல் எங்கிருந்து வந்தது?" அதுவரை நமக்குத் தோன்றாத வினா அது. பாலம் இல்லாத காலத்தில், ஒவ்வொரு கல்லும் தோணியில் ஏறி இந்தக் கால்வாயைக் கடந்து வந்திருத்தல் வேண்டும். கல் ஏற்றிய தோணிக்காரர் பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

சேதுபதிகள் என்னும் பட்டமே இக்கடவையைக் காத்தமையால் வந்தது. சேதுவுக்கு வரும் யாத்திரிகரைக் கள்வரிடமிருந்து காப்பதும், சத்திரம் அமைத்துச் சோறிடுவதும், தோணி விடுவதும் அவர்கள் கடமை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதி எனப்பெறும் ரகுநாத சேதுபதி தம் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றினார். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளும் தம்மைச் சேதுகாவலர் என்று அழைத்துக்கொண்டனர். அவர்கள் வெளியிட்ட காசுகளில் "சேது" என்னும் சொல் தமிழெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கடலுக்கு இருகரையிலும் இருந்த அரசர் இருவரும் ஒரே கடவையின் பெயரைத் தம் பெருமையாகக் கொண்டனர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளல் நன்று. காசியிலிருந்து வருவோர் கங்கை நீரை இங்கே கொண்டுவருவதும், இங்கிருந்து மணலெடுத்துக் கங்கையில் இடச் செல்வதும் இன்றும் நிற்கவில்லை. வடநாட்டார் கூட்டம் ஒன்று செம்பு நீரைத் தலையிற் சுமந்து எங்களுக்கு முன்னே சென்றது.

மறுநாள் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். வேன் ஓட்டி, "அங்கே இருபது நிமிடம் போதும், வெறும் இடிந்த சுவர்" என்றார். நாம் சற்றுக் கடுமையாகவே, "இரண்டு மணி நேரம் நிற்கும், காத்திருப்புக் கூலி தருகிறோம்" என்றோம். 1964-ஆம் ஆண்டுப் புயலுக்கும் தப்பிய கோதண்டராமர் கோயிலை வழியிற் கண்டோம். 2017-இல் அமைந்த சாலை அரிச்சல்முனை வரை நேரே செல்கிறது. வடக்கே பாக்கு நீரிணை குளம்போல் கிடக்க, தெற்கே மன்னார்க் கடல் அலையெறிந்து முழங்கிற்று. வடபுறத்தைப் பெண்கடல் என்றும் தென்புறத்தை ஆண்கடல் என்றும் அவ்வூரார் வழங்குகின்றனர்.

இந்த மணல்முனையில் ஓர் ஊர் இருந்தது. 1914-இல் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் ஏறுவோர் ஒரே பயணச்சீட்டில் தனுஷ்கோடி வந்து, இறங்குதுறையில் நிற்கும் கப்பலில் ஏறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தலைமன்னாரில் இறங்கி, அங்கே காத்திருக்கும் வண்டியிற் கொழும்பு செல்லலாம். அதற்கு முன் இலங்கை செல்வோர் தூத்துக்குடியிலிருந்து இரவு முழுவதும் கப்பலிற் செல்லவேண்டியிருந்தது. போட் மெயில் என்று அவ்வண்டி பெயர் பெற்றது. பிற்காலத்தில் கோஷன், இர்வின் என்னும் இரு கப்பல்கள் ஓடின. நிலையம், தபால் நிலையம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், மாதா கோயில், மீனவர் குடியிருப்பு என ஊர் நிறைந்திருந்தது. ஒரே சீட்டு என்பதை நாம் மீண்டும் சொல்கிறோம். இச்சொல்லின் அருமை சீட்டு எழுதுவோருக்கே தெரியும். இரு நாடுகளின் இருப்புப்பாதையும் ஒரு கப்பலும் ஓர் அட்டைத் துண்டில் அடங்கியிருந்தன.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. இலங்கையைக் கடந்து வந்த பெரும்புயல் இம்முனையைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி நள்ளிரவுக்குச் சற்று முன் தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்டது. பதிவான கணக்கின்படி பயணிகள் 110 பேர்; இலாகா ஊழியர் ஐவர். ஊருக்கு மிக அருகில் வந்தபொழுது சிக்னல் விளக்கு இல்லை. டிரைவர் நின்று பார்த்தார். நெடிய ஊதல் கொடுத்து வண்டியை மெல்ல நகர்த்தினார் என்று கூறுவர். பனையளவு எழுந்த அலை வண்டி முழுவதையும் சுருட்டிக்கொண்டது. ஒருவரும் மீளவில்லை. சீட்டில்லாமல் ஏறியோரையும் சேர்த்தால் மாண்டோர் இருநூறு பேர் வரை இருக்கலாம் என்பாரும் உளர். அப்புயலில் உயிரிழந்தோர் மொத்தம் ஏறத்தாழ 1,800 பேர் எனக் கணக்கிட்டனர். பின்னர் அரசாங்கம் தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகாத இடம் என அறிவித்தது.

அந்த டிரைவர் ஏன் நகர்ந்தார் என்று பலர் எளிதாகக் கேட்கின்றனர். சிக்னல் இல்லாத இருளில், இருபுறமும் கடல் ஏறிவர, நின்றாலும் ஆபத்து, நகர்ந்தாலும் ஆபத்து என்னும் நிலையில், கண்முன் நிலையம் இருக்கிறது என்று நம்பிய மனிதர் அவர். வீட்டில் விளக்கடியில் அமர்ந்து அவரைக் குறை கூற நமக்கு வாய் எழவில்லை. இடிந்து நிற்கும் நிலையச் சுவரருகே நாம் சற்று நேரம் நின்றோம். எவரோ அதன் நிழலில் சோழி மாலையும் சங்கும் விற்றுக்கொண்டிருந்தனர். அதிலும் குறையில்லை; அவர்களும் பிழைக்க வேண்டுமே.

அதே புயலில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் வீழ்ந்தன. தூண்களும் ஷெர்சர் தூக்கும் நின்றன. பாலத்தைச் சீர் செய்ய ஆறு மாதம் என்று முதலில் கணக்கிட்டு, பின் மூன்று மாதமாகக் குறைத்தனர். பொறுப்பேற்ற பொறியாளர் அப்பொழுது 32 வயதினர். கடலடியிற் கிடந்த கர்டர்களையே தேடியெடுத்து மீண்டும் பொருத்தி, 46 நாளில் வண்டியை ஓடச் செய்தார். அவர்தாம் பின்னாளில் கொங்கண் இரயில்வேயும் தில்லி மெட்ரோவும் அமைத்த இ. ஸ்ரீதரன்; நம் கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில் பிறந்தவர். தமிழ்நாட்டுக் கடலில் கேரளத்து மைந்தர் எழுப்பிய பாலம் என்று நாம் இங்கே பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், பாம்பன்–இராமேசுவரம் பாதை மீண்டதேயன்றித் தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. கப்பல் இராமேசுவரத்திற்கு மாறிற்று.

அன்று மாலை மற்றையோர் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தைக் காணச் சென்றனர். 1931-இல் இத்தீவிற் பிறந்து, போர்க்காலத்தில் ஓடும் வண்டியிலிருந்து எறியப்படும் செய்தித்தாட் கட்டுகளைப் பொறுக்கி விற்ற சிறுவர், பின்னர் நம் தும்பாவில் 1963-இல் முதல் ராக்கெட் எழுந்த காலத்தில் அங்கே பணியாற்றியவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினோம். நாமும் பெரியவரும் மட்டும் பின்தங்கினோம். அவர் படகுத்துறைப் பக்கம் போகவேண்டும் என்றார்.

மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுகள் அனைத்தும் கரையோரம் நெருங்கி நின்றன. பெரியவர் இங்குமங்கும் நடந்தார். "இந்த இடமா, அந்த இடமா தெரியவில்லை, தம்பி. அப்போது நான் பன்னிரண்டு வயதுப் பையன்" என்றார். பின்னர்தான் எல்லாம் வெளிவந்தது. அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். 1978-இல் பெற்றோருடனும் தங்கையுடனும் இராமானுஜம் என்னும் கப்பலில் வந்து இங்கே இறங்கியவர்.

இவ்விடத்தில் சிறிது வரலாறு கூறாமல் செல்ல இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டபொழுது, தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஏழை மக்களைக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். தோணியில் மன்னார் சென்று, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வாந்திபேதியால் வழியில் மடிந்தோர் பலர். 1901 முதல் தகரத் துண்டு முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று எண் பொறித்த தகரத் தகடு ஒன்றை ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். அதுவே பயணச்சீட்டு, வழிச்செலவு தோட்டத்தார் கணக்கில் சேரும். பின்னர் மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே ஒரு முகாம் நடத்திற்று. அங்கே அவர்களைத் தங்கவைத்து, நோய் இல்லையெனச் சோதித்து, அதன்பின்பே கப்பலேற்றினர். மண்டபம் கேம்ப் என்னும் நிலையப் பெயர் அவ்வாறு வந்தது. போட் மெயிலின் முதல் வகுப்பில் துரைமார் சென்ற அதே பாதையில்தான் இவர்களும் சென்றனர்.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றதும் வந்த குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் எந்நாட்டவரும் அல்லர் என ஆயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது. 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரங்கூட நிறையவில்லை. இவர்கள் வந்திறங்க வேண்டிய தனுஷ்கோடியே கடலுக்குள் போயிற்று! ஆகவேதான் திரும்பியோர் இராமேசுவரத்தில் இறங்கினர். இறங்கியவர்களை மண்டபம் முகாமுக்கே கொண்டு சென்றனர். பாட்டனைச் சோதித்து அனுப்பிய இடத்தில் பேரனைப் பதிவு செய்து ஏற்றுக்கொண்டனர்.

"மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வந்த வண்டியை நாங்கள் ஒப்பாரிக் கோச்சி என்போம்" என்றார் பெரியவர். வண்டி புறப்படும்பொழுது மேடையில் நிற்போரும் உள்ளே இருப்போரும் சேர்ந்து அழுவராம். அவருடைய பாட்டி இலங்கைக் குடியுரிமைப் பட்டியலில் இருந்தார். இவர்கள் இந்தியப் பட்டியலில். பாட்டி ஹட்டன் நிலையத்தில் நின்றுவிட்டார். பிறகு அவரைக் காணவேயில்லை. கடிதம் சில ஆண்டு வந்தது. 1983-க்குப் பின் அதுவும் நின்றது. கப்பலும் அந்த ஆண்டுகளிலேயே நின்றது.

மண்டபத்தில் சில வாரம் இருந்தபின் இவர்கள் குடும்பத்தைக் கேரளத்துக்கு அனுப்பினர். தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழருக்கு வேலை தருவதற்காக 1976-இல் புனலூரில் தொடங்கப்பட்ட ரப்பர்த் தோட்ட நிறுவனம் அது. "தேயிலையிலிருந்து ரப்பருக்கு; ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு. தமிழ்நாட்டுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் அம்மா கிளம்பினாள். தமிழ்நாட்டில் நாங்கள் இருந்தது இந்த மண்டபத்து வாரங்கள்தான்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். முப்பது ஆண்டுகளாக ஒரே காலனியில் வாழ்கிறோம். பொங்கல் விழாவில் பந்தல் போடுவதும் அவரே. இதனை நாம் ஒருமுறையும் கேட்டறியவில்லை. புனலூர் மாமா என்பர் சிலர். புனலூர்க்காரர் என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

படகுத்துறையில் ஓரிடத்தைக் குறிப்பாகக் காட்ட அவரால் இயலவில்லை. கடைசியில் ஒரு படகின் கயிறு கட்டிய கல்லருகே நின்று, "இங்கேதான் என்று வைத்துக்கொள்வோம்" என்றார். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துச் சிறிது தேயிலைத் தூளைக் கடலில் தூவினார். கடையில் வாங்கிய சாதாரணத் தூள்தான். பாட்டிக்கு என்றார், வேறொன்றும் கூறவில்லை.

ஊர் திரும்பும் நாளில் மண்டபம் முகாமைக் காண்பதென முடிவு செய்து, வேனை அங்கே நிறுத்தினோம். இப்பொழுது அங்கே 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி வந்த இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர். உள்ளே செல்ல அனுமதி வேண்டும். எங்களிடம் இல்லை. வாயிலில் இருந்த காவலர் மரியாதையாகவே கூறினார். வெளியே நின்று பார்த்தோம். சீருடை அணிந்த பெண்பிள்ளைகள் இருவர் ஒரே சைக்கிளில் உள்ளே சென்றனர். பெரியவர் அவர்களை நோக்கிக் கையசைத்தார், அவர்களும் அசைத்தனர்.

பிறகு மதுரை வண்டியை மண்டபம் கேம்ப் நிலையத்திலேயே பிடித்தோம். இராமேசுவரத்தில் ஏறியிருந்தால் உட்கார இடம் கிடைத்திருக்கும் என்று நம் இல்லத்தரசியார் பரமக்குடி வரை குறை கூறினார். பெரியவர் வாயிற்படி அருகே நின்றுகொண்டே வந்தார். பிள்ளைகளில் ஒருத்தி அவரிடம், "மாமா, கோச்சி என்றால் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.